மரக்கன்றைக் கீழேயே விட்டுவிட்டு வாருங்கள்

நீலகிரிக்கு மரம் நட வரும் கல்லூரிகள், நிறுவனங்கள், அறக்கட்டளைகள் எல்லாருக்கும் வணக்கம்.

ஜூன் பிறந்தால் போதும், மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் வண்டிகளில் உங்களைப் பார்த்துவிடலாம். முன்னால் கட்டிய பேனர், எல்லாருக்கும் ஒரே நிற டி-ஷர்ட், பின்னால் வரும் டெம்போவில் கறுப்புப் பையில் தலையாட்டிக்கொண்டே வரும் கன்றுகள். பேனரில் இடத்தின் பெயர் சின்னதாக இருக்கும். ஆயிரம், பத்தாயிரம் என்ற எண்ணிக்கைதான் கொட்டை எழுத்தில். உங்கள் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை தூக்கத்தை விட்டுவிட்டு கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தியெடுத்துக்கொண்டு மலையேறி வந்து குழி தோண்டுபவர்களைக் குறை சொல்ல மனம் வராது.

ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். ஊட்டியைச் சுற்றிய மேல்மலைப் புல்வெளிகளில் மரம் நடாதீர்கள். வெளிநாட்டு மரம் மட்டுமல்ல, நாட்டு மரமும் வேண்டாம்.

போன வருடம் அவலாஞ்சி போகும் சாலையில் ஒரு குழுவோடு பேசிக்கொண்டிருந்தேன். எதிரே இருந்த குன்றைக் காட்டி ஒருவர், "இவ்வளவு இடம் சும்மா கிடக்கே சார், நாலாயிரம் கன்று வைக்கலாம்" என்றார். நல்ல மனிதர், கண்ணில் உண்மையான வருத்தம் தெரிந்தது. இருநூறு வருடமாக இந்த மலைக்கு வந்தவர்கள் எல்லாருமே ஏறக்குறைய இந்த வார்த்தையைத்தான் சொன்னார்கள். வந்ததெல்லாம் அதனால்தான் வந்தது.

அந்தக் குன்று சும்மா கிடக்கவில்லை. கோடையில் தூரத்திலிருந்து பார்த்தால் மொட்டையாகத்தான் தெரியும், யாரோ காட்டை வெட்டித் தீர்த்துவிட்டார்கள் என்றுதான் தோன்றும். உண்மையில் இந்த மேல்மலையின் இயல்பே அப்படி. மலை மடியும் இடுக்குகளில் அடர்ந்து குள்ளமாகச் சோலை. மற்ற இடமெல்லாம் புல். டிசம்பர், ஜனவரியில் திறந்த வெளியில் உறைபனி விழும். விடிகாலையில் புல் மேல் உப்பைத் தூவினாற்போல் கிடக்கும். சோலை மரத்தின் இளங்கன்று அதைத் தாங்காது. அதனால் சோலை தன் இடுக்கைத் தாண்டி அவ்வளவு சீக்கிரம் வெளியே வராது. இந்தப் பக்கத்துச் சதுப்பு மண்ணைத் தோண்டி எடுத்து ஆராய்ந்த விஞ்ஞானிகள், 20,000 ஆண்டுகளுக்கு முன்பே இங்கே புல் இருந்ததற்கான தடயத்தை 1993-ல் வெளியிட்டார்கள். சோலை என்ற நம் சொல்லை அப்படியே எடுத்து 'ஷோலா' என்று உலகம் முழுக்க ஆராய்ச்சிக் கட்டுரைகளில் எழுதுகிறார்கள். பக்கத்திலேயே இருந்த புல்லுக்கு அந்த யோகம் இல்லை. அரசுப் பதிவேடுகளில் அதற்குக் கிடைத்த பெயர் தரிசு.

ஒரு தூர்ப் புல்லை இரண்டு கையாலும் விலக்கிப் பாருங்கள். அடியில் மண் கன்னங்கரேல் என்று, நனைத்த பிண்ணாக்கு மாதிரி இருக்கும். விரலை அழுத்தினால் தண்ணீர் கசியும், மழை விட்டுப் பல நாளானாலும் கசியும். அதற்குள்ளே நகக்கண் அளவில் சிவப்பாக ஒரு செடி. இலையெல்லாம் பசை முத்துகள், ஒரு முத்தில் கொசு ஒட்டிக்கொண்டிருக்கும். பூச்சி தின்னும் செடி. பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சி இந்தப் புல்லோடு நிற்பதுதான். வரையாடு மேய்வது இதில். நீலகிரி நெட்டைக்காலி என்ற குருவி கூடு கட்டுவதும் இதற்குள்ளேதான். மரம் வந்தால் அது போய்விடும். தோடர்கள் தங்கள் கோயிலுக்குக் கூரை வேய்வது சதுப்போரம் வளரும் ஒரு குறிப்பிட்ட புல்லால். வேறு புல் ஆகாது. பைக்காராவுக்கும் பவானிக்கும் கோடையில் தண்ணீர் விடுவதில் இந்த நனைந்த பிண்ணாக்குக்குப் பெரிய பங்கு உண்டு.

சரி, கதைக்கு வருகிறேன்.

1819-ல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் கோத்தகிரிப் பக்கம் ஏறி வந்தார். ஊர் குளிர்ந்தது, இங்கிலாந்து நினைவுக்கு வந்தது. அதற்கப்புறம் அவரும் அவர் கூட்டத்தாரும் செய்ததையெல்லாம் ஒரே வரியில் சொல்லிவிடலாம்: வீட்டு ஞாபகத்தை நட்டார்கள். உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், ஆப்பிள், ஸ்ட்ராபெர்ரி. ஊட்டி தாவரவியல் பூங்காவின் தொடக்கமே ஒரு காய்கறித் தோட்டம்தான். 1840-களில் வெள்ளைக்காரக் குடும்பங்கள் மாதம் மூன்று ரூபாய் சந்தா போட்டு நல்ல காய்கறி கிடைக்க வழி செய்துகொண்டார்கள். பிறகு அது அரசுத் தோட்டமானது, லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்தில் பயிற்சி பெற்ற மெக்ஐவர் 1848-ல் வந்தார். பின்னால் பெரு நாட்டுப் பக்கத்துச் சிங்கோனாவை மலேரியா மருந்துக்காக இங்கே வளர்த்ததும் அவர்தான். ஓடையில் டிரவுட் மீன் வேண்டுமென்று 1860-களில் முயன்று தோற்று, விடாமல் முயன்று, 1907 வாக்கில் அவலாஞ்சியில் மீன் பொரிக்கும் பண்ணையே வைத்துவிட்டார்கள்.

பழக்கவழக்கமும் கப்பலேறி வந்தது. இங்கிலாந்திலிருந்து வேட்டை நாய்களை இறக்கி, சிவப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு, குதிரையில் நரி வேட்டை. அவர்கள் ஊர் நரி இங்கே கிடையாது. அதனால் நம் குள்ளநரிக்கு அந்த வேஷம். ஒன்று சொல்ல வேண்டும், குதிரை ஓட்ட வெளி வேண்டும் என்பதற்காகவாவது அந்த ஆட்களுக்குப் புல்வெளி தேவைப்பட்டது.

வேலியோரம் வைக்க மஞ்சள் பூ பூக்கும் இரண்டு செடிகளையும் கொண்டுவந்தார்கள், கோர்ஸ், ஸ்காட்ச் புரூம் என்று. முதலாவது முழுக்க முள். இரண்டாவதன் காய் நல்ல வெயிலில் 'டப்'பென்று வெடித்து விதையைத் தள்ளித் தெறிக்கவிடும். ஸ்காட்லாந்துக் குன்றின் ஞாபகத்துக்கு வைத்த அந்தச் செடி இன்றைக்கு அவலாஞ்சி, அப்பர் பவானிப் பக்கம் எருமை நுழைய முடியாதபடி பரவி நிற்கிறது. பூக்கும் மாதத்தில் அதற்கு முன்னால் நின்று எடுத்த கல்யாண ஆல்பங்கள் எத்தனையோ நான் பார்த்திருக்கிறேன். அழகாகத்தான் இருக்கிறது, பொய் சொல்வானேன்.

மரத்துக்கு வருவோம். வெள்ளைக்காரர் ஊரானதும் அடுப்புக்கும் கணப்புக்கும் விறகு வேண்டும். பக்கத்துச் சோலைகளை வெட்டி எரித்தார்கள். சோலை குறைகிறதே என்ற கவலையும் வந்தது. அதற்கு மாற்றாகத்தான் ஆஸ்திரேலியாவிலிருந்து சீகை மரமும் (வாட்டில், தலைக்குத் தேய்க்கும் சீகைக்காய் அல்ல) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) வந்தன; கற்பூர மரம் ஊட்டியில் ஊன்றியது 1843-ல். இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். காட்டைக் காப்பாற்றத்தான் நட்டார்கள். உங்கள் பேனரில் இருக்கும் அதே எண்ணம்.

வெள்ளைக்காரன் மேல் பழியைப் போட்டுவிட்டு நாம் கை கழுவவும் முடியாது. மலையைச் சீகையும் கற்பூரமும் பெரிய அளவில் மூடியது சுதந்திரத்துக்குப் பிறகு, நம்முடைய ஐந்தாண்டுத் திட்டங்களில். தோல் பதனிடச் சீகைப் பட்டை வேண்டும். சிறுமுகை ரேயான் ஆலைக்குக் கூழ் மரம் வேண்டும். தரிசாகத்தானே கிடக்கிறது புல்வெளி. குன்று குன்றாக வரிசை பிடித்து நட்டார்கள். அந்த வேலைக்குப் போய்க் கூலி வாங்கியவர்களில் எங்கள் ஊர்க்காரர்களும் உண்டு.

தண்ணீருக்கு என்ன ஆனது என்று பிறகுதான் அளந்து பார்த்தார்கள். உதகையில் இருக்கும் மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் கிளன்மார்கனில் இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளை எடுத்துக்கொண்டது. ஒன்றில் கற்பூர மரம் நட்டார்கள், மற்றதைப் புல்லாகவே விட்டார்கள். முதல் பத்து வருடத்தில் மரம் நட்ட பக்கம் வழிந்து வந்த தண்ணீர் 16 சதவீதம் குறைந்தது. வெட்டி, மறுபடி துளிர்த்து வளர்ந்த அடுத்த பத்து வருடத்தில் 25 சதவீதம். மரம் வைத்தால் மழை வரும், ஊற்று பெருகும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதை இந்த மலையில் புல்லை அழித்து வைக்கும் மரத்துக்குப் பொருத்தக் கூடாது. பழனி மலையில் நாற்பது வருடத்தில் புல்வெளி மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று செயற்கைக்கோள் படத்தை வைத்துக் கணக்கிட்டிருக்கிறார்கள். அதில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது இதே மரத்தோட்டங்கள்.

இனி என் சொந்தக் கதை. எட்டாம் வகுப்பில் நானும் மரம் நட்டவன்தான். எங்கள் பள்ளியிலிருந்து நூறு பேரை வண்டியில் ஏற்றி ஒரு புல்மேட்டில் இறக்கினார்கள். ஆளுக்கு ஐந்து கன்று. கீழ்நாட்டு நர்சரியிலிருந்து வந்த புங்கனும் வேம்பும் நாவலும். யாரோ முக்கியமானவர் வந்தார், கைதட்டினோம், ஒரு லட்டும் மிக்சர் பொட்டலமும் கொடுத்தார்கள். என் கன்றுகளுக்குப் பெயரெல்லாம் வைத்திருந்தேன். பொங்கல் லீவில் சைக்கிளில் போய்ப் பார்த்தால் வரிசையாக எல்லாம் கருகி நின்றன, இலை கையில் பொடிந்தது. உறைபனி. அதோடு போயிருந்தால் பரவாயில்லை. இரண்டு மழைக்காலம் கழித்துப் போனபோது, நாங்கள் தோண்டிய குழி ஒவ்வொன்றிலும் இறகு மாதிரி இலையோடு ஒன்று முழங்கால் உயரம் வந்திருந்தது. சீகை. பக்கத்துத் தோட்டத்து மரங்கள் வருடக்கணக்கில் உதிர்த்த விதை மண்ணில் கிடந்திருக்கிறது. புல்வேர்ப் பாய் இருந்தவரை அதற்கு முளைக்க இடமில்லை. நாங்கள்தான் மண்வெட்டியால் கதவைத் திறந்து விட்டோம். நட்டது செத்தது, நடாதது முளைத்தது. இன்றைக்கு அந்த மேடு முழுக்கச் சீகைக் காடு. சாலையில் போகிறவர்கள் பச்சைப் பசேலென்று இருக்கிறதே என்று சந்தோஷப்படுகிறார்கள்.

'அயல்' என்ற வார்த்தையை வைத்துக்கொண்டு நான் ஆடுவதாக யாரும் நினைக்க வேண்டாம். அந்த வார்த்தையின் கூர் எனக்குத் தெரியும். என் தாத்தாவின் முன்னோர்களைச் சிலோன் மலைக்குக் காப்பித் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார்கள். காப்பி நோய் வந்து அழிந்ததும் தேயிலை. 1964-ல் இந்திய, சிலோன் பிரதமர்கள் கையெழுத்துப் போட, தாத்தா குடும்பத்தோடு தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் கிடந்து, கடைசியில் கோத்தகிரிப் பக்கம் அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீயின் லைன் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். தாயகம் திரும்பியவர் என்று கடுதாசியில் எழுதினார்கள். கடைத்தெருவில் சிலோன்காரன் என்றார்கள். அந்தத் தேயிலைத் தோட்டங்களே எங்களைப் போன்றவர்களுக்கு வேலை கொடுக்கக் காட்டை அழித்துப் போட்டவை. தேயிலையும் அயல், அதைப் பறித்த நாங்களும் ஒரு கணக்கில் அயல். இன்றும் எங்கள் வீட்டில் காலைச் சாப்பாடு ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும்தான். இப்போது பக்கத்து வீட்டுப் படுகர் அக்காவும் சம்பல் அரைக்கிறார்.

ஆகவே எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. வந்த இடத்தில் என்ன செய்கிறது என்பதுதான் என் கேள்வி. உருளைக்கிழங்கு வேலியைத் தாண்டாது. நாம் விதைக்காவிட்டால் அடுத்த வருடம் கேரட் இல்லை. தேயிலையைக் கவாத்து வெட்டாமல் விட்டால் மரமாகும், ஆனால் அடுத்த குன்றுக்கு நடந்து போகாது. சீகை நடக்கும். ஒரு மரம் உதிர்க்கும் கறுப்பு விதை பல பத்து வருடம் மண்ணில் உயிரோடு காத்துக் கிடக்கும். தீ வைத்தால் ஓடு வெடித்து இன்னும் மும்முரமாக முளைக்கும். கற்பூர மரத்தை வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து நாலு கிளை வரும். கற்பூரத்தில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. உதிர்ந்த இலையைப் பொறுக்கிக் கொப்பரையில் அடைத்துத் தைலம் காய்ச்சிப் பிழைக்கிற குடும்பங்கள் எங்கள் பக்கம் உண்டு. கொட்டகைக்குள் போனால் கண் எரியும், மூக்கு திறக்கும், மண் அடுப்பு இரவெல்லாம் எரியும். சளி பிடித்தால் தமிழ்நாடே தேடும் நீலகிரித் தைலம் அங்கிருந்துதான் போகிறது. அவர்களைக் கேட்காமல் நாளைக்கே எல்லாவற்றையும் வெட்டு என்று சொல்ல எனக்கு வாய் வராது.

இன்னொன்றும் உண்டு. சோலையை ஒட்டியிருக்கும் பழைய சீகைத் தோட்டங்களுக்குள் நுழைந்து பார்த்தால், நிழலில் சோலைக் கன்றுகள் தானாக எழும்பி நிற்கும். சில இடங்களில் அந்தக் கிழட்டுச் சீகையை அப்படியே விட்டால் அதன் காலடியிலேயே சோலை வந்துவிடும். எங்கே வெட்டுவது, எங்கே விடுவது என்பது குன்றுக்குக் குன்று மாறும். அரசு 2022-ல் ஆக்கிரமிப்பு அயல் தாவரங்களுக்கென்றே ஒரு கொள்கை வெளியிட்டது, நல்ல விஷயம். அகற்றும் வேலையும் அங்கங்கே நடக்கிறது. ஆனால் வெட்டுவது ஒரு மாத வேலை என்றால், முளைத்து வருவதைப் பிடுங்குவது பத்து வருட வேலை. அதற்குத்தான் ஆள் இல்லை. பேனர் கட்ட முடியாத வேலை அது. "இன்று நாங்கள் எட்டாயிரம் செடிகளைப் பிடுங்கினோம்" என்று போட்டால் முகநூலில் திட்டுவார்கள்.

அங்கேதான் நீங்கள் வேண்டும்.

மழை ஓய்ந்து மண் ஈரமாக இருக்கும் நாளில் வாருங்கள். முழங்கால் உயரச் சீகைக் கன்றை அடியோடு சேர்த்துப் பிடித்து, நேராக மேலே, அவசரப்படாமல் இழுக்க வேண்டும். 'சர்ர்' என்று ஒரு சத்தத்தோடு ஆணிவேர் முழுசாக வரும். வெடுக்கென்று இழுத்தால் பாதியில் அறுந்து மறுபடி துளிர்க்கும். பத்து கன்றில் கைக்குப் பழகிவிடும். பிடுங்கிய பள்ளத்தைக் காலால் மிதித்து மூட வேண்டும். அடுத்த ஆள் பின்னாலேயே வந்து, நல்ல புல்வெளியிலிருந்து பிரித்தெடுத்த புல்தூரை அந்த இடத்தில் ஊன்றுவார். புல்லையும் நாற்றங்காலில் வளர்க்கலாம். நெல் நாற்று நட்ட கை இருந்தால் இன்னும் நல்லது. தஞ்சாவூர்க் கல்லூரிக்காரர்கள் இதைக் கவனிக்கவும்.

உங்கள் பணத்துக்கும் வேலை இருக்கிறது. பத்தாயிரம் கன்றுக்கும் லாரிக்கும் ஆகும் செலவில், இந்த ஊர்ப் பெண்கள் சிலருக்கு ஒரு புல் நாற்றங்காலில் ஒரு பருவம் கூலி கொடுக்கலாம். எந்த மேட்டில் எந்தப் புல் இருந்தது என்று தோடர் குடியிருப்பான மந்துக்குப் போய் அங்குள்ள பெரியவர்களிடம் கேட்கலாம். அவர்கள் சொல்லும் நேரத்துக்கும் அறிவுக்கும் கூலி உண்டு என்பதை மறந்துவிடாமல் கேட்கலாம். மரம்தான் நட வேண்டும் என்று ஆசையிருந்தால் அதற்கும் இடம் உண்டு: வெட்டுப்பட்ட சோலையின் ஓரம், ஓடைக்கரை. கன்று மட்டும் இந்த மலை விதையில் இந்த மலையில் வளர்ந்ததாக இருக்கட்டும். இல்லையென்றால் உங்கள் ஊரிலேயே நடுங்கள். கோயம்புத்தூர்ச் சாலைகளில் வெட்டிய புளியமரங்களுக்கு ஈடாக நிழல் இன்னும் வந்தபாடில்லை. (புளி ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது என்று யாராவது ஆரம்பித்தால், அவருக்கு மேலே இருக்கும் உருளைக்கிழங்குப் பத்தியைக் காட்டவும்.)

வருவதற்கு முன் வனத்துறையிடம் எழுதி அனுமதி வாங்கிவிடுங்கள். புல்வெளிக்குள் நம் இஷ்டத்துக்குக் கால் வைக்க முடியாது. இ-பாஸ் போட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் வீட்டுப் பாத்திரத்தில் இருக்கட்டும், பிளாஸ்டிக் பாட்டிலைச் சோதனைச் சாவடியில் வாங்கி வைத்துவிடுவார்கள். கனமான கையுறை ஆளுக்கு ஒரு ஜோடி, அட்டைக்குத் தேய்க்கக் கொஞ்சம் உப்பு, மழைக்கோட்டு. ஷூவைக் கீழே கிளம்பும்போதே நன்றாகக் கழுவித் துடைத்துவிடுங்கள்; அடியில் ஒட்டிய மண்ணில் எந்த ஊர் விதை இருக்கிறதோ தெரியாது. மத்தியானச் சாப்பாடு எங்கள் பொறுப்பு. ரொட்டி, சம்பல், ஊட்டி உருளைக்கிழங்குப் பொரியல், பிறகு ஒரு பிளேன்டீ.

இப்படிக்கு,
கோத்தகிரிப் பக்கத்திலிருந்து,
எட்டாம் வகுப்பில் ஐந்து கன்று நட்டவன்